கதவு தட்டுகிறவன்

ஆகஸ்ட் கடைசிச் செவ்வாய், காலை ஐந்தே முக்கால்.
டுலூத்தில் ஏரி இன்னும் கருப்பாகத்தான் கிடக்கிறது.
என் கையில் பட்டியல்,
வெர்னன் ஹால்டர்சனின் பென்சில் எழுத்து.
தொண்ணூறு பேரில் ஐம்பத்து மூவர் தங்கலாம்.
மீதி முப்பத்தேழு கதவுகள்
என்னுடையவை.

"மேலாளர் கூப்பிடுகிறார்.
ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கொள்."
இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம் என்றார் முதல் வருஷமே.
ஆறுதலாக எதையாவது சொன்னால்
பையன்கள் அதைப் பிடித்துத் தொங்குவார்கள்,
இன்னும் உயரத்திலிருந்து விழுவார்கள்.

அவர் ஒரு நாளும் ஆடியதில்லை.
தானியக் கிடங்கில் எடை எழுதியவரின் மகன்.
இடது காது கேட்காது.
ஏஜெண்டுகள் தொகையை ஏற்றிக்கொண்டே போனால்
ரிசீவரை அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டு
ஜன்னல் வழியே சரக்குக் கப்பல் பார்ப்பார்.

இருபத்தாறு வயதில் அவரிடம் இருந்தது
ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு வாடகைக் கார்,
மிசிசிப்பியிலிருந்து டெக்சாஸ் வரை மோட்டல் சோப்பு வாசனை.
நாற்பது கஜம் ஓடி முடித்ததும்
எல்லோரும் கடிகாரத்தை நிறுத்திக் குறித்துக்கொள்வார்கள்.
இவர் அப்போதுதான் இன்னொன்றை அழுத்துவார்.
முழங்காலைப் பிடித்துக் குனிந்தவன்
நிமிர எத்தனை நொடி?
நிமிர்ந்ததும் தண்ணீர் புட்டியை
யார் பக்கம் நீட்டுகிறான்?
ஒரு சோற்றைப் பதம் பார்த்துப்
பானையை இறக்குகிற ஆள் இல்லை.

அப்படிக் கிடைத்தவன்தான் லாண்ட்ரி ப்ரூசார்ட்.
லூசியானா. சலவைக் கூடத்தில் இரவு வேலை.
ஆறாம் சுற்றில் அவன் பெயரைச் சொன்னபோது
தொலைக்காட்சிக்காரர்களிடம் காட்ட ஒரு படம்கூட இல்லை.
ஒன்பது பருவங்கள் இடது கார்டாக நின்றான்.
அவனுக்குப் பின்னால் நின்ற குவார்ட்டர்பேக்குகள்
வீடு வாங்கினார்கள், விளம்பரத்தில் சிரித்தார்கள்.

சம்பள உச்சவரம்பு என்று ஒரு கூரை.
யாரை உள்ளே இழுத்தாலும்
இன்னொருவன் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.
நான்கு லட்சம் டாலர் மிச்சம் பிடிக்க
பழைய கிக்கர் ஆம்ப்ரோஸ் டீலை அனுப்பினோம்.
நான் தட்டுமுன்பே கதவைத் திறந்தான்,
ஷூ லேஸ் கட்டியிருந்தான்.
அந்த ஜனவரியில், முப்பத்தொரு கஜத்திலிருந்து,
ஏரிக் காற்றில்,
புதிய பையன் உதைத்த பந்து
வலது கம்பத்தில் மோதித் திரும்பியது.
கம்பம் அதிர்ந்த சத்தம்
கேட்காத காதிலும் கேட்டதாம் அவருக்கு.
மூன்றாண்டு கழித்து, பாதிச் சாப்பாட்டில் சொன்னார்.

லாண்ட்ரியின் முழங்கால் போன வருஷம்
பட்டியலில் ஓரிடத்தில் காகிதம் மெலிந்திருந்தது.
எழுதி, அழித்து, எழுதி, அழித்து,
வெளிச்சத்தில் பிடித்தால் என் விரல் தெரிந்தது.
"இந்தக் கதவு உனக்கு வேண்டாம்" என்றார்.
தானே போனார். நாற்பது நிமிடம்.
என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.
நல்ல வார்த்தை சொல்லியிருப்பார் என்றுதான்
இன்றும் சந்தேகம்.

பிறகு உரிமையாளர் இறந்தார், மகள் வந்தாள்.
கெட்டவள் என்று சொல்லமாட்டேன்.
கணக்குகள் அவள் விரல் நுனியில் ஏறி இறங்கின.
நான்கு வெற்றி, பதின்மூன்று தோல்வி.
திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு
என்னைக் கூப்பிட்டு,
"அவரை வரச் சொல்லுங்கள்" என்றாள்.

கதவு வரை பதினாறு அடி. எண்ணினேன்.
உள்ளே அவர் மேசையில் குனிந்து
அலபாமா பையன் ஒருவனின் ஓட்டத்தைத்
திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்,
இடது காது கதவுப் பக்கமாக.

தட்டினேன்.
கேட்கவில்லை.
தட்டினேன்.
பதினொரு வருஷத்தில் எந்தக் கதவையும்
இரண்டாம் முறை தட்டியவன் இல்லை நான்.

மூன்றாவதுக்குத் திரும்பினார்.
என் முகத்தைப் பார்த்தார், காலியான கைகளைப் பார்த்தார்.
"பட்டியல் இல்லாமலா வந்தாய்?" என்றார்.
சொல்லவேண்டிய வாக்கியம் பாதியில் நின்றது.
அவரிடம் ஆட்டப் புத்தகம் கிடையாது.

திரையில் அந்தப் பையன் இன்னும் குனிந்தே நின்றான்.
"ஒரு நிமிடம், நிமிரட்டும்" என்றார்.
இருவரும் நின்று பார்த்தோம்.