யாரிடமிருந்து

சவரம் செய்கையில் தோர்கில் கண்டுபிடித்தான்,
தாடைக்குக் கீழே ஒரு கோலிக்குண்டு.
வலிக்கவில்லை. காட் மீன் பருவம் முடியட்டும் என்றான்.
முடிவதற்குள் அது புறா முட்டையாகிவிட்டது.

புகைத்தவனில்லை. குடி என்றால்
கிறிஸ்துமஸுக்கு இரண்டு கிண்ணம்.
பின்னே எப்படி என்று கேட்டேன்,
திரோண்ட்ஹைமில், டாக்டர் சின்னோவவிடம்.

வைரஸ், என்றாள்.
நாக்கின் அடிவேரில், டான்சிலின் மடிப்புக்குள்
இருபது, முப்பது வருடம்கூடப் பதுங்கியிருக்கும்.
பலருக்கு வரும், வந்த சுவடில்லாமல் போகும்.
சிலருக்குப் போகாது.
செல்லில் பழுது கண்டால் ‘நில்’ என்று மறிக்க
உள்ளே ஒரு காவல் உண்டு;
அந்தக் காவலையே குப்பையில் தள்ளிவிட்டுப்
பெருகு, பெருகு என்னும்.
கண்ணாடித் தகட்டில் சாயம் பழுப்பாய் ஏறியிருக்கிறது.
பழுப்பு ஒருவகையில் நல்லது.
இந்த ரகம் கதிர்வீச்சுக்குப் பெரும்பாலும் மசியும்.

நல்லது என்ற சொல் என் காதில் விழவில்லை.
முப்பது வருடம் மட்டும் விழுந்தது.

திரும்பும் படகில் இருவரும் பேசவில்லை.
ஒலேசுண்டில் அவனுக்கு ஒரு கோடை இருந்தது, எனக்கு முன்னால்.
டூருன் என்று ஒரு பெயர். ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறான்.
இரண்டு கலங்கரை விளக்கங்களுக்கு நடுவே
முகம் தெரியாத அவளைத் திட்டித் தீர்த்தேன்.

மூன்றாவது விளக்கு வந்தபோதுதான்
என் அடிவயிறு நினைவூட்டியது.
இருபத்தொன்பது வயதில், கருப்பை வாயில்
கூம்பாக ஒரு துண்டு வெட்டி எடுத்தார்கள்.
இதே வைரஸ்தான்.
யாரிடமிருந்து என்று அன்றைக்கு அவன் கேட்கவில்லை.
மீன் சூப் வைத்தான். உப்புக் கரித்தது.

முப்பத்துநாலு தடவை
முகமூடி போட்டு மேசையோடு முடுக்கினார்கள்.
எச்சில் வற்றிவிட்டது. ருசி செத்துவிட்டது.
சூப்பில் நான் கைகொள்ள உப்பள்ளிப் போட்டாலும்
‘வெந்நீர்’ என்று சீட்டில் எழுதுகிறான்.

மகள் போனில் கேட்டாள்:
சீவெர்ட்டுக்குப் பள்ளியில் ஊசி போடப் படிவம் வந்திருக்கிறது,
பையன்களுக்கு எதற்கம்மா இது?
கையெழுத்துப் போடு என்றேன்.
காரணத்தை ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன்.
மூன்று ஞாயிறு போய்விட்டது.

முத்தம் கொடுக்கலாமா என்று சின்னோவவைக் கேட்டேன்.
இவ்வளவு வருடம் கழித்தா கேட்கிறீர்கள், என்று சிரித்தாள்.

அவன் உதடு கருவாடாய்க் காய்ந்திருந்தது.
உப்பு
எனக்குத் தெரிந்தது.