நாரிப்பிடிப்பு

தொண்ணூறு கிலோவில் இல்லை.
தண்டை இறக்கி வைத்துவிட்டு
விழுந்த துவாயை எடுக்கக் குனிந்தபோதுதான்,
ஈரக் கயிற்றை யாரோ
உள்ளே ஒருக்கால் முறுக்கின மாதிரி.

மூன்று நாள் சுவரைப் பிடித்தபடி நடை.
நிலாவெளி பஸ்ஸில் எழும்பி இடம் தந்த மனுசி கேட்டா:
எத்தனை மாதம் பிள்ளை?
சிரித்தால் நோகும். சிரித்தேன்.

கன்னியாவுக்குப் போ,
ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்று
என்கிறார்கள் எல்லாரும்.
வாளியை ஆர் தூக்குறது?

ஆஸ்பத்திரியில் ஹஸ்னா மிஸ்
ஒரு தும்புத்தடியை என் முதுகோடு நிமிர்த்திப் பிடித்தா.
தலை, நடுமுதுகு, நாரியெலும்பு
மூன்றும் தடியை விடக்கூடாது.
பின்னாலே கதவு இருக்கெண்டு நினைச்சு
இடுப்பால தள்ளுங்கோ.

தும்புத்தடி!
கண் கலங்கியதை
நோ என்று அட்டையில் எழுதிக்கொண்டா.

வெளியே, கோட்டை வாசலடியில்
படுத்திருந்த மானொன்று எழும்பிற்று:
முதலில் பின்னங்கால்கள்,
கொஞ்சம் யோசித்து,
பிறகு மற்றதெல்லாம்.

இது ஆறாவது கிழமை.
வெறும் தண்டு. தட்டில்லை, சத்தமில்லை,
ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
இடுப்பால் கதவைத் தள்ளுகிறேன்.

துவாயை மட்டும்
இன்னும் கால்விரலால்தான் எடுக்கிறது.