நகப்பூச்சு

பாலூர்ப் பண்ணை, ஆறாம் பாத்தி.
கத்தரி இலையின் அடிப்புறத்தில்
நிறமில்லாத நகப்பூச்சு தடவுகிறேன்.
பண்ருட்டி ஃபேன்சி ஸ்டோரில் முப்பது ரூபாய்.
ரசீதில் 'ஆய்வுப் பொருள்' என்று போடச் சொன்னதற்கு
கடைக்காரர் என் விரல்களைப் பார்த்துச் சிரித்தார்.

பதினொன்று இருபதுக்குக்
கடலூர்ப் பக்கமிருந்து ஒரு மேகம்.
வெயில் ஒரே எட்டில் போய்விட்டது.
நிமிஷத்துக்கு ஓர் இலையாகப் பூசிக்கொண்டே போனேன்,
மேகம் கெடிலத்தைத் தாண்டும்வரை,
தாண்டி வெயில் திரும்பிய பிறகும்.

மத்தியானம் ஷெட்டில் நுண்ணோக்கி.
உரித்தெடுத்த படலத்தில் நூறு வாய்கள்,
வாய்க்கு இரண்டு உதடு,
அவரை விதை வளைவில்.
இருட்டிய முதல் நாலு நிமிஷமும்
திறந்தபடியே நிற்கின்றன.
தண்ணீர் வீணாகத்தான் போயிருக்கும்.
வெயில் வந்து ஏழாவது நிமிஷத்தில்
இன்னும் பாதிதான்.

களையெடுத்த கையை முந்தானையில் துடைத்து
தையல்நாயகியும் குனிந்து பார்த்தாள்.
"வெளிச்சம் வந்தது அதுக்குத் தெரியாதா?"
தெரியும்க்கா.
உப்பு உள்ளே போகணும், பின்னாலேயே நீர் போகணும்,
உதடு உப்பி வளையணும்.
தெரிந்தவுடன் திறந்துவிட முடியாது.

"எம்புள்ள சிப்காட்டுல நைட்டு.
காலைல வந்தா அரை மணி நேரம் பேச்சே வராது.
சோத்த வச்சிட்டு நான் அப்பால போயிருவேன்."

ஒரு கண்ணை மூடத் தெரியாமல்
உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
பார்த்துக்கொண்டே இருந்தாள்.
எட்டாம் நிமிஷத்துக் கண்ணாடியைச்
செருகினேன்.