மை எட்டாத இடம்

நெல்லித்தோப்புச் சந்தைக்குப் பின்னால்
ஞாயிறு நாலரை மணி.
கழுத்தை நீளமாக விட்டு
ஆறு தலைகள் வெட்டி வைத்திருக்கிறார் செலஸ்தேன்.
தமனி நீளம் வேண்டுமென்று போன மாதம் கேட்டிருந்தேன்.
தலைக்கு நானூறு.
கன்னக் கறி வீணாப்போவுதே என்று
தனியாக அறுபது.

தெர்மோகோல் பெட்டி, மேலே ஐஸ்,
ஐஸுக்கு மேலே ஒரு காது.
ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு
கோரிமேடு போகிறேன்.
முதல் பூசைக்குப் போகிறவர்கள்
இஸ்திரி மடிப்புக் கலையாமல் எதிரே வருகிறார்கள்.

சீன மை, ஜெலட்டின், வெதுவெதுப்பான நீர்.
மெதுவாக அழுத்த வேண்டும்,
அவசரப்பட்டால் எங்கேனும் வெடிக்கும்.
முதலில் நாக்கு கறுக்கும்.
பிறகு உதடு. பிறகு
கண்ணின் வெள்ளையில் ஒரு மயிரிழை.
உயிரோடிருந்தபோது எங்கெல்லாம் சிவந்ததோ
அங்கெல்லாம்.

காதுக்கு முன்னால், ரம்பம்.
பிறகு கத்தி. பிறகு இடுக்கி.
எலும்புக்கும் எலும்புக்கும் இடையில்
மூட்டுத் தட்டு:
ஓரத்தில் தடித்து நடுவில் மெலிந்து
ஊறவைத்த மொச்சையின் தோல்போல வழுக்கும்.
ஓட்டல் எச்சில் இலை, முட்டைக்கோஸ் தண்டு,
மண்டபத்து வாசலில் கொட்டிய பாயசம்,
எல்லாம் மெல்லும்போது
கனம் இதன்மேல்தான் இறங்கியது.

எட்டு நாள் எண்ணெயில் கிடந்தால் தட்டு கண்ணாடியாகும்.
வலித்தைலத்தில் இருக்கும் அதே எண்ணெய்.
ஆய்வகம் முழுக்க
முதுகுவலிக்காரர் வீட்டு வாடை.

விளக்கின் மேல் வைத்துக் குனிகிறேன்.
நீள்வட்டம்.
அட, நம்ம ஊர் வரைபடம்.
நான்கு புல்வாரிலும் மை நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகிறது.
பின்பக்கம் நெரிசல் அதிகம், பஸ் ஸ்டாண்டு மாதிரி.
உள்ளே நுழையப் பார்த்த சந்துகள்
பாதியில் வளைந்து
வந்த வழியே திரும்புகின்றன.
நடுவில் மிஷன் வீதி இல்லை,
வாய்க்கால் இல்லை, ஒரு சைக்கிள் கூட இல்லை.
வெளிச்சம் மட்டும்.

எது அதிகம் தாங்குகிறதோ
அதற்கு ரத்தம் போவதில்லை
என்று நோட்டில் எழுதி
அடித்துவிட்டு
'மையப் பகுதி: நாளங்கள் காணப்படவில்லை'
என்று எழுதினேன். வழிகாட்டிக்கு இதுதான் பிடிக்கும்.

ஆறாவது தலை சின்னது.
தாய் புரண்டு படுத்ததில் நசுங்கிய பால்குட்டி,
காசு வேணாம்மா என்று செலஸ்தேன் போட்டுக் கொடுத்தது.
எதையும் மென்றிராத தாடை.
அதன் தட்டில் நடு ஊர்வரை மை,
தெருத் தெருவாக.
நான் வெகுநேரம் விளக்கை அணைக்கவில்லை.

என் இடப்பக்கத் தாடையும் பேசும்.
வாய் திறந்தால் ஒரு 'டக்', மூடினால் ஒன்று.
தூக்கத்தில் பல் கடிக்கிறேனாம்,
அறைத்தோழி நிரோஷா போனில் பதிவு செய்து காட்டினாள்:
சரளைக் கல் மேல் யாரோ
வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.
எங்கே என்று கேட்டாள்.
எனக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு
செலஸ்தேன் பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.
மோவாய் இடப்பக்கம் ஒதுங்கி ஒதுங்கித் திரும்பியது.
எத்தனை வருசமா?
"மொதல் கல்யாணத்துலேர்ந்து."

கையுறையைக் கழற்றி
அவர் இரண்டு காதுக்கும் முன்னால் விரல் வைத்தேன்.
திறங்க என்றேன்.
என் விரலுக்கடியில் ஏதோ நழுவியது,
தயங்கி, இடம் சேர்ந்தது.

"உள்ள என்னம்மா கீது?"
ஒரு தட்டு.
"ரத்தம் ஓடுமா?"
ஓரத்துல ஓடும்.
"நடுவுல?"
இல்லை என்று தலையாட்டினேன்.
"நடுவுல எதுக்கு,
அது வேலை பாக்குற எடம்" என்றவர்
கத்தியைத் துடைத்தார்.

கன்னக் கறிக்கான அறுபதை மட்டும்
மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.