பொன்னுக்கு வீங்கி

மாத்திரை ஆரம்பித்த இருபத்துமூணாம் நாள்
சட்டைக் காலர் பித்தான் எட்டவில்லை.
காதுக்குக் கீழே ஒரு நெல்லிக்காய்.
விளக்கு வைப்பதற்குள் அது எலுமிச்சை.

"பொன்னுக்கு வீங்கிதான், வேற இன்னா" என்றாள்
எதிர்வீட்டு சம்பூர்ணம்.
தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள்.
எங்கள் வீட்டுச் சங்கிலி
சேட்டு கடையில் வட்டி தின்றுகொண்டிருந்தது.
என் பெண்சாதிக்குப் பெயர் பவுனு;
காதில் கிடப்பது கவரிங்.
இது அந்த வீக்கம் இல்லை என்று
எப்படிச் சொல்வது?
இரண்டு நாள் சுமந்தேன்
இன்னொருத்தியின் முக்கால் சவரனை
அவள் அறியாத காய்ச்சலின் மேல்.

டப்பா குலுங்கினால் சத்தம் காட்டிக்கொடுக்கும்.
பஞ்சு திணித்திருக்கிறேன்.
லேபிளை ஊறவைத்து உரித்தாயிற்று.
காலையில் டிபி மாத்திரை,
ராத்திரி ஒன்பதுக்கு மற்றது.
முதல் இரண்டு வாரம் பசித்தது;
அப்படியொரு பசி.
பவுனு கூட ஒரு ஆழாக்கு அரிசி போட்டாள்,
கல் பொறுக்கும்போது பாடினாள்.

பிறகு இந்த எலுமிச்சை.
"மருந்து ஒத்துக்கல, நிறுத்து."
எனக்கும் அப்படித்தான் பட்டது.
ஒரு ராத்திரி முழுங்கவில்லை.

கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருந்தது.
கூட்ஸ் வண்டி.
ஐம்பத்தெட்டு பெட்டி, காய்ச்சலோடு எண்ணினேன்.

மையத்தின் சுவரில் சிப்பாய்கள்,
வாள், கேடயம், கொம்பு வைத்த கிருமிகள்.
டாக்டர் அதைக் காட்டித்தான் ஆரம்பித்தார்.
சிப்பாயெல்லாம் தெரியாது சார்,
நான் மோட்டாருக்குக் காயில் கட்டுறவன் என்றேன்.
பேனாவை மூடினார்.
"புயலடிச்சு மூணு நாள் கரண்ட் இல்ல.
போட்ட சுவிட்ச் எல்லாம் போட்டபடி.
திடீர்னு வந்தா?"

மிக்ஸி, மோட்டார், ஃபேன், டிவி
ஒரே நேரத்தில் கத்தும்.
ஒயர் கருகும்.
வந்ததால்தான் கருகும்.

"கிருமி முன்னாடியே கழுத்துல இருந்தது.
பார்க்க ஆள் இல்லாம கெடந்தது.
இப்பதான் உடம்பு முழிச்சுப் பார்த்துக் கத்துது."
அணு எத்தனை ஏறியிருக்கு சார்?
முன்பு முப்பத்தெட்டு என்று அட்டையில் இருந்தது.
"கிட் தீர்ந்துபோச்சு. அடுத்த மாசம் வரும்.
அதுவரைக்கும் உங்க கழுத்துதான் ரிப்போர்ட்."
கத்துறது நல்லதா?
யோசித்துச் சொன்னார்:
"பெரும்பாலும்."

பக்கத்துக் கட்டிலில் ஞானதிரவியம்,
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவன்.
மாத்திரை தொடங்கி ஒரு மாதத்தில்
இரண்டு கிலோ ஏறியிருந்தான்.
பிறகு தலைவலி.
முதுகில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்தார்கள்,
எடுத்த அன்றைக்கு ஜோக் அடித்தான்,
மறுநாள் மீண்டும் எடுத்தார்கள்.
வியாழன் விடியலில் கட்டில் காலி.

"ஒரு நாள்கூட விடலையே சிஸ்டர்,
கையில வெச்சு நானே குடுத்தேனே"
என்று கேட்டாள் அவன் பெண்சாதி.
சிஸ்டர் அவளுடைய பையை வாங்கிப் பிடித்துக்கொண்டார்,
அவள் உட்காரும் வரைக்கும்.
ஒரு ராத்திரி விட்டவன் நான்
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.
தேறும்போது செத்தவனுக்கு
என்ன காரணம் எழுதுவார்கள் படிவத்தில்?

எனக்கு வீக்கத்தில் ஊசி போட்டுச் சீழ் எடுத்தார்கள்.
வேறு மாத்திரை, எட்டு, ஆறு, நாலு என்று இறங்கும் கணக்கு.
பதினொரு நாள் கூலி போயிற்று.

சங்கிலியைச் சோப்பு போட்டுக் கழுவினாள் பவுனு,
பல்துலக்கும் பிரஷால், கண்ணி கண்ணியாக.
கொண்டுபோய்க் கொடுத்தேன்.
"பாத்தியா, பொன்னு பட்டதும் வத்திப்போச்சு."
"ஆமாங்க்கா."
பொய்யும் இல்லை முழுசாக.
கழற்றிக் கொடுத்தது அவள் ஒருத்திதான்.

ராத்திரி கழுத்தில் கை வைத்துப் பார்க்கிறேன்.
இன்னும் லேசாகச் சூடு.
உள்ளே யாரோ தூங்காமல் இருக்கிறார்கள்.
ஒன்பது அடிக்கிறது எங்கேயோ டிவியில்.
டப்பாவைத் திறந்து
பஞ்சை எடுக்கிறேன்.