ஐயாயிரத்து நாற்பது

லிங்கன்ஷயரில் நிலம் தட்டை.
மேடு என்று சொல்ல எங்களிடம் இருப்பது
தேவாலயக் கோபுரம் ஒன்றுதான்.
அதன் நடு அறையில், எட்டுக் கயிறுகளின் கீழே
நாங்கள் எட்டுப் பேர்.
நான்காம் கயிறு என்னுடையது. வாரநாட்களில்
சர்க்கரை ஆலை வாசலில்
கிழங்கு லாரிகளுக்கு எடை எழுதுகிறேன்.

ஏழு மணிகளை எத்தனை விதமாய் வரிசை மாற்றலாம்?
ஒன்று முதல் ஏழு வரை பெருக்கிப் பாருங்கள்:
ஐயாயிரத்து நாற்பது.
அலுப்பாக இருந்தால்
ஏழிலிருந்து பத்து வரை பெருக்குங்கள், நான்கே எண்கள்,
அதுவும் அதே வாசலில்தான் வந்து நிற்கும்.

இணக்கமான எண்.
இரண்டு பேர் கேட்டாலும் பத்துப் பேர் கேட்டாலும்
மிச்சமில்லாமல் பங்கு வைக்கும்.
அறுபது காரணிகள் அதற்கு.
பதினொன்று வந்தால் மட்டும்
இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும்.

அடிக்கும்போது அந்த இணக்கம் எங்கோ போய்விடுகிறது.
வந்த வரிசை திரும்ப வரக்கூடாது.
ஒரு மணி பக்கத்து இடத்துக்கு மட்டுமே நகரலாம்.
தாள் பார்க்கக் கூடாது.
நிமிடத்துக்கு இருபத்தெட்டு வரிசை, மூன்று மணி நேரம்;
தண்ணீர் கிடையாது, மூக்கைச் சொறிய
ஒரு கை கிடையாது.

நவம்பரில், நாலாயிரத்துச் சொச்சத்தில்,
கெசையா ரட்கின் தும்மினாள்.
ஐந்தாம் மணி ஆறாம் மணியின் மேல் போய் விழுந்தது.
"நில்லுங்கள்" என்றார் தபால்காரர் ஹெட்லி.
முக்கால்வாசி முடித்தோம் என்று ஒன்று
இந்தக் கணக்கில் இல்லை.
யாரும் அவளைத் திட்டவில்லை.
அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

நேற்று முடித்தோம்.
ஒன்று இரண்டு மூன்று நான்கு ஐந்து ஆறு ஏழு என்று
மணிகள் ஒழுங்காய்ப் படியிறங்கி வந்தபோது
என் உள்ளங்கையில் தோல் இல்லை.
வெளியே யாரோ நாயைக் கூப்பிட்டார்கள்.
அவ்வளவு தெளிவாய் ஒரு நாயின் பெயரை
நான் கேட்டதே இல்லை.

ஹெட்லி ஒரு சுருளை விரித்தார்.
சுவர்த்தாளின் பின்பக்கம், இரண்டு துண்டு ஒட்டியது,
குறுக்கே எழுபத்தொரு கட்டம், நெடுக்கே எழுபத்தொன்று.
ஒவ்வொன்றிலும் எறும்பு எழுத்தில் ஒரு வரிசை.
கடைசி மூலையில் ஒரே ஒரு கட்டம் காலி.

கெசையாவின் முகம் வெளுத்தது. "எதை விட்டோம்?"
"எதையும் இல்லை. எழுபத்தொன்றின் வர்க்கத்துக்கு
நம் எண் ஒன்று குறைவு."
தொடங்குமுன் அடித்தோமே, கணக்கில் சேராத அந்த வரிசை,
அதற்கான இடம் இது என்றேன் நான்.
"அதுதான் முடிவிலும் வந்தது. இரண்டு முறை எழுதினால்
மொத்தமும் பொய்யாகிவிடும்" என்றாள் கெசையா.
அவள் சொன்னதும் சரி.

கிளெமென்ட் அதுவரை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.
எட்டாம் மணி அவருடையது, எல்லாவற்றிலும் கனமானது.
ஒவ்வொரு வரிசைக்கும் கடைசியில், அதே இடத்தில்,
ஐயாயிரத்து நாற்பது முறை.
இடம் மாறாத மணியைப் பெருக்கலில் சேர்ப்பதில்லை.

பென்சிலை வாங்கினார்.
காலிக் கட்டத்தில் எட்டு என்று போட்டார், சற்றுக் கோணலாக.
பென்சிலைத் திருப்பித் தரவில்லை.