நான்கு சென்டிமீட்டர்

இரவு மணி பத்து. புந்தா அரேனாஸில்
வெளிச்சம் இன்னும் வீடு திரும்பவில்லை.
வருஷத்தின் கடைசித் தாளை
நீரிணைக் காற்று தானே கிழித்துக்கொள்ளப் பார்க்கிறது.
விளக்குப் போடாமலே ஊசியில் நூல் கோக்கலாம்.
கோக்கவில்லை.
இன்று தையல் இல்லை, கணக்கு மட்டும்.

மூடிப்போன விடுதியின் சலவை அறையிலிருந்து
நாற்பதாயிரம் பேசோவுக்கு ஜனவரியில் வாங்கிய பச்சை இயந்திரம்.
மாடிக்குத் தூக்கிவந்த நெலிதாவின் மகன்
இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தான்.

முதலில் ஒரு திரைச்சீலை.
இடப்பக்கம் மூன்று விரல் நீளம்.
ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்,
எனக்கு ஜன்னல்.

பிறகு லௌதாரோவுக்குக் கால்சட்டை.
துணியை மடித்து வெட்ட மறந்து
இரண்டும் இடது கால்.
அதையே போட்டுப் பந்தாடப் போனான்.
இடது காலால் ஒரு கோல் போட்டேன் என்று வந்து நின்றான்.
நம்பினேன்.

தலை நுழையாத இரவு உடுப்பொன்று
இப்போது இஸ்திரிப் பலகைக்கு உறை.

நெலிதாவின் கம்பளிச் சட்டையில்
ஜிப்பைத் தலைகீழாக வைத்துவிட்டேன்.
ஏழு மாதமாகக் கழுத்திலிருந்து கீழே இழுத்து மூடுகிறாள்,
ஒரு வார்த்தை சொல்லாமல்.
படகுத்துறையில் அவளைப் பார்க்கும்போதெல்லாம்
நான் டிக்கெட் கட்டை எண்ணத் தொடங்கிவிடுகிறேன்.

மிட்டாய் டப்பாவில் உடைந்த ஊசிகள் இருபத்துமூன்று.
ஒன்று கட்டைவிரல் நகத்தில் இறங்கியது.
அந்தக் கறுப்புப் புள்ளி மெல்ல மேலேறி
ஆகஸ்டில் நகவெட்டியோடு போயிற்று.

எனக்கென்று தைத்தவை மூன்று ரவிக்கை, ஒரு பாவாடை.
நான்கும் இறுக்கம்.
காகித வார்ப்பைத் திட்டினேன். துணி சுருங்கியது என்றேன்.
சோப்பை மாற்றினேன்.
ஜூனில், போர்வெனீர் படகுக்கு வரிசை நின்ற நேரம்
சில்லறை எடுக்கக் குனிந்தேன், முதுகுத் தையல்
கழுத்திலிருந்து இடுப்பு வரை வாய் திறந்தது.
பணி முடியும் வரை சுவரோடு ஒட்டியே
தீவுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் நல்ல பயணம் சொன்னேன்.

இன்று மாலை அளவு நாடாவை எடுத்தேன்.
இடுப்பு எண்பத்தாறு.
குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எண்பத்திரண்டு.
பண்டிகைக் கேக்கைக் குற்றம் சொல்ல வாயெடுத்தபோது
நினைவுக்கு வந்தது:
ஜனவரியிலும் எண்பத்தாறுதான்.
மூச்சைப் பிடித்து, நாடாவை இழுத்து,
கோடைக்குள் இளைத்துவிடுவேன் என்று
என் கையாலேயே குறைத்து எழுதினேன்.
வராத ஒருத்திக்கு
ஒரு வருஷம் தைத்திருக்கிறேன்.

சரி. புதுப் பக்கம்.
காஜா எடுக்கப் பழக வேண்டும்,
எத்தனை நாள் அமுக்குப் பொத்தானோடு ஒப்பேற்றுவது.
பெட்டி மூடும் வரை புதுத் துணி இல்லை
(பிப்ரவரி தாண்டாது, தெரியும்).
நெலிதாவிடம் அந்த ஜிப்பைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்க வேண்டும்.
பழகிவிட்டது, விடு என்பாள். கேட்க வேண்டும்.
மார்ச்சில் பாதிச் சம்பளம் கொடுத்து வாங்கி
கத்தரி வைக்கப் பயந்து அலமாரியில் மடித்த பழுப்புக் கம்பளியை
முதல் வாரமே வெட்ட வேண்டும்.
கோட்டு. முழங்கை வரை கை போகும் பைகளோடு.
இருக்கிற இடுப்புக்கு.

எண்பத்தாறு என்று பேனாவால் எழுதினேன்.
துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல்
நள்ளிரவுக்கு முன்பே ஊதிப் பார்க்கிறது.

லௌதாரோ வந்து கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்கிறான்.
அவன் உயரத்தையும் எழுத வேண்டுமாம்.
நாடாவின் நுனியை மிதிக்கச் சொல்லிக் குனிகிறேன்.
கண்ணை நேரே வைத்துக்கொண்டு
மெல்ல, மிக மெல்ல,
குதிகாலைத் தூக்குகிறான்.